உள்ளானுக்கு வயிறு வழிவிட்ட கதை

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின என்பது எல்லாருக்கும் தெரியும். பறவைகளுக்கு உள்ளே இருந்தவையும் பேசின என்பதுதான் பலருக்குத் தெரியாது. இறக்கை முணுமுணுக்கும், நெஞ்சு பெருமூச்சு விடும். எல்லாவற்றையும்விட அதிகம் பேசியது வயிறு.

கோடியக்கரைச் சேற்றில் மேய்ந்த உள்ளான்களுக்கு அப்போது வயிறுதான் எஜமான். உள்ளான் என்பது சிட்டுக்குருவி அளவுப் பறவை. அன்றைக்கு அதில் பாதி வயிறாகவே இருந்தது. வீட்டு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாமனாரைப் போல, "அடுத்தது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் உள்ளான்களும் அதை "மாமா" என்றே கூப்பிட்டன. புழுவும் குட்டி நத்தையும் கொத்திப் போடுவதிலேயே அவற்றின் பொழுது கழிந்தது. வெளியூர் என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது.

பூவாத்தா என்ற பெண் உள்ளானுக்கும் இதில் குறை ஒன்றும் இருந்திருக்காது, முட்டைகள் மட்டும் பொரித்திருந்தால். சித்திரை வெயிலில் அந்தச் சேறு காய்ந்து உப்பாகப் பூத்துவிடும். வருடந்தோறும் அவள் முட்டைகள் அந்தச் சூட்டிலேயே வெந்துபோயின. வெந்தது தெரிந்தும் எழுந்திருக்க மனமில்லாமல் அவற்றின்மேல் உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷன் சாத்தையன் அதைப் பார்க்க மாட்டாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

ஒரு நாள் அந்தப் பக்கம் வந்த வாத்து ஒன்று சொன்னது: "வடக்கே பெரிய மலையத் தாண்டினா பனி உருகுற சீமை இருக்கு. குளுந்த தரை. கொசு மேகமா நிக்கும். அங்க எந்த முட்டையும் வேகாது."

"வழியில என்ன கெடைக்கும்?" என்று கேட்டான் சாத்தையன்.

"கல்லும் மணலும்தான். ஒரு புழு கெடையாது."

இருவரும் துணிந்து கிளம்பினார்கள். மலை கண்ணில் படுவதற்குள்ளேயே பூவாத்தாவின் வயிறு கத்த ஆரம்பித்தது. "பசிக்குது, எறங்கு!"

"கொஞ்சம் பொறுங்க மாமா."

"அது மட்டும் எங்கிட்ட ஆகாது."

வயிற்றின் கனம் தாங்காமல் இறக்கைகள் தொய்ந்தன. இருவரும் திரும்பி வந்தார்கள். "என்ன பூவாத்தா, ஊர் சுத்திப் பாத்தாச்சா?" என்று வளையிலிருந்து நண்டுகள் கேலி பேசின. அந்த வருடமும் முட்டைகள் வெந்தன.

அடுத்த பங்குனியில் ஒரு காலை. கடல் உள்வாங்கிய சேற்றில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பூவாத்தா அவற்றின் முன்னால் அலகை மூடிக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள, கொத்தாம நிக்கிற?" என்று பதறியது வயிறு.

"ஒண்ணு கேக்கணும் மாமா. எந்நேரமும் என்னைத் தின்னச் சொல்றீங்களே, எதுக்கு?"

"நீ சாகாம இருக்கத்தான். வேற எதுக்கு?"

"நான் சாகல. எம் புள்ளைங்கதான் ஓட்டுக்குள்ளயே சாகுது. அதுகளுக்குள்ளயும் ஒரு குட்டி வயிறு இருந்திருக்கும்ல மாமா? அது ஒரு புழுவைக்கூடக் கண்டதில்லையே."

பிறந்ததிலிருந்து முதல்முறையாக வயிறு, "அடுத்தது என்ன?" என்று கேட்க மறந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: "சரி, கேளு. இப்போதைக்கு நல்லாத் தின்னு. அத்தனையும் கொழுப்பாக்கி, தோலுக்கடியில கட்டுச்சோறாக் கட்டித் தர்றேன். கட்டி முடிச்சதும் நான் சுருங்கிக்கிறேன். என் சதைய நெஞ்சுக்குக் குடுத்துடறேன். இறக்கைய அடிக்கிறது அவன்தானே."

"நீங்க என்ன ஆவீங்க?"

"மொளகு மாதிரி சுருண்டு ஒரு மூலையில கெடப்பேன். பேச்சு வராது. எறங்கினதும் கூடு, பாட்டு எல்லாத்துக்கும் முன்னாடி எனக்கு ஒரு வாய் குடு. மெத்துன்னு இருக்கட்டும், நத்தை ஓட்டை அரைக்க அப்பத் தெம்பிருக்காது. மறந்துடாத புள்ள." எஜமானாக இருந்த வயிறு அன்று கெஞ்சிக் கேட்டது.

பக்கத்து வயிறே இறங்கி வந்துவிட்டதைப் பார்த்து, சாத்தையனின் வயிறும் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டது.

இருவரும் பந்தாகக் கொழுத்தார்கள். பிறகு வயிறுகள் சொன்னபடியே சுருங்கிக்கொள்ள, இரையை விட்டு விலகி, தென்றல் எழுந்த ஒரு நாளில் கிளம்பினார்கள். மலையின் மேல் காற்று மெலிந்து குளிர் குத்தியது. திரண்டிருந்த நெஞ்சு சளைக்கவில்லை. கட்டுச்சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. "எறங்கு!" என்று யாரும் கத்தவில்லை. முதலில் அது பூவாத்தாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மணற்காட்டின் மேல் பறந்தபோது அந்த அமைதியே அவளைப் பயமுறுத்தியது. "மாமா?" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை.

எலும்பும் தோலுமாகப் பனி உருகும் சீமையில் இறங்கினார்கள். சாத்தையன் சந்தோஷத்தில் பாடுவதற்குக் கழுத்தைத் தூக்கினான்.

"பாட்டு அப்பறம் மச்சான், மொதல்ல தின்னு!" என்று அதட்டிவிட்டு, பூவாத்தா ஒரு கொசுவைப் பிடித்து விழுங்கினாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இன்னொன்றை விழுங்கினாள். அப்போதும் இல்லை. முட்டைக்காக மாமாவைக் கொன்றுவிட்டோமே என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே இன்னும் ஒன்றை விழுங்கினாள்.

"இன்னொண்ணு," என்றது உள்ளிருந்து ஒரு சின்னக் குரல்.

பூவாத்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே கொசு பிடித்தாள்.

அந்த ஆண்டு அவள் இட்ட முட்டை ஒன்றுகூட வீணாகவில்லை. ஓட்டை உடைத்துக்கொண்டு வந்த முதல் குஞ்சுக்குள்ளிருந்து, "பசிக்குது!" என்று ஒரு சத்தம் கேட்டது. அந்த வார்த்தையைக் கேட்டு அவ்வளவு மகிழ்ந்த தாய் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

அன்று முதல்தான், குளிருக்குக் கோடியக்கரை திரும்பும் உள்ளான்கள், வெயில் ஏறத் தொடங்கியதும் கொழுக்கத் தின்று, வயிற்றைச் சுருக்கிக்கொண்டு வடக்கே கிளம்புகின்றன. போய் இறங்கியதும், எவ்வளவு சந்தோஷம் இருந்தாலும், முதல் வாய் வயிற்றுக்குத்தான்.