நனையாத குதிரைவாலி

வறட்டுக்குளம் என்று ஓர் ஊர். வறட்சி ஊரெல்லாம் இருந்தது. குளம் பெயரில் மட்டும் இருந்தது. இரண்டு வருடமாக விதைத்ததெல்லாம் கருகிப்போனதால் வீடுகளில் தானியக் குதிர்கள் காலியாக நின்றன. எலிகளே வேறு ஊருக்குக் குடிபோய்விட்டன. மனிதர்களும் போயிருப்பார்கள். ஆனால் எந்தப் பாதையில் போவது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.

அந்த ஊருக்கு ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து தமயந்தி என்ற அம்மா வந்தார். தண்ணீர் குறைந்தாலும் வாடாத புதுக் குதிரைவாலி ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். ஊர்த்தலைவர் ஒச்சப்பனின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தியில் அதை விதைத்து, கணுக்கால் உயரம் வரும்வரை தாமே பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு விதை மூட்டையோடு வந்து ஊரைக் கூட்டினார்.

“இனிமேதான் சோதனை. நான் திரும்பி வர்ற வரைக்கும் இந்தப் பயிர் மேல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. தாகத்தைத் தாங்கி நின்னுடுச்சுன்னா இந்த மூட்டை விதை உங்களுக்கு. ஊர் முழுக்க விதைச்சு வயிறாரச் சாப்பிடலாம். கருகிடுச்சுன்னா மூட்டையைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்.”

“மழை வந்தா?” என்று கேட்டான் ஒச்சப்பனின் தம்பி மொக்கையன்.

தமயந்தி வானத்தைப் பார்த்துச் சிரித்தார். “மழை வர்ற ஊரா இருந்தா நான் எதுக்கு இங்க வர்றேன்?”

புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். “விதை மூட்டையிலயே கிடந்தா புழுங்கிடும். தலைவர் வீட்டுக்குள்ள மண் தரையில பரப்பி வைங்க. வெளிய மட்டும் எடுத்துடாதீங்க, குருவி தின்னுடும்.”

“சரிம்மா” என்றது ஊர். சரி என்று சொல்வதில் வறட்டுக்குளத்தை யாரும் மிஞ்ச முடியாது.

மறுநாள் விடிந்ததும் ஒச்சப்பனின் மனைவி வீராயி அலறினாள். “ஐயையோ, பயிர் மேல சொட்டு!”

பனிதான். ஊரே துண்டோடு ஓடிவந்து, ஒவ்வொரு தாளாகத் துடைத்தது. குனிந்து துடைத்த மொக்கையனின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டப் பார்த்தது.

“துடைக்கிறவனே சொட்டுறானே! அவனைத் துடைங்கப்பா!” என்றார் ஒச்சப்பன்.

அவனைத் துடைக்க ஒருவர் வந்தார். அவருக்கும் வியர்த்தது. அவரைத் துடைக்க இன்னொருவர். இப்படியே வரிசை பஸ் நிறுத்தம்வரை போனது. கடைசியில் நின்றவருக்கு எதற்காக நிற்கிறோம் என்று தெரியாது. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

சில நாள் கழித்து, இரண்டு வருடமாகத் தலைகாட்டாத கருமேகம் மேற்கே வந்து நின்றது.

“அண்ணே, மேகம்!” என்றான் மொக்கையன்.

“போகச் சொல்லு.”

“சொல்லிப் பாத்துட்டேன். போக மாட்டேங்குது.”

இரண்டு வருடமாக மழைக்கு ஏங்கிய ஊர், துண்டுகளை வீசி மழையை விரட்டியது. “போ, போ! அடுத்த ஊருக்குப் போ!” மேகம் இன்னும் பக்கத்தில் வந்தது.

“பாத்திக்கு ஒரு கூரை வேணும்” என்றார் ஒச்சப்பன்.

“கூரை எங்கண்ணே இருக்கு?”

“வீட்டு மேல இருக்குல்ல!”

ஒச்சப்பன் வீட்டுக் கூரையை அப்படியே பிரித்துத் தூக்கிவந்து பாத்திக்கு மேல் நிறுத்தினார்கள். தண்ணீர் உள்ளே வராமல் சுற்றிலும் கரை போட்டார்கள்.

“ஏங்க, வீட்டுக்குள்ள விதை கிடக்கே, நனையுமே!” என்று பதறினாள் வீராயி.

ஒச்சப்பன் ஆழ்ந்து யோசித்தார். “விதையைப் பத்தி அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“வெளிய எடுக்கக் கூடாதுன்னாங்க.”

“நனையக் கூடாதுன்னு சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? ரெண்டு பேச்சையும் காப்பாத்திட்டோம்.”

குருவி நுழைந்துவிடாமல், கூரை இல்லாத வீட்டின் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மழை கொட்டியது. தங்க இடமில்லாததால் குடும்பத்தோடு பாத்தியோரம் குடியேறினார்.

சில வாரம் கழித்துத் தமயந்தி திரும்பி வந்தபோது, கூரைக்கு அடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குதிரைவாலி வெளிறி, மெலிந்து, ஆனாலும் உயிரோடு நின்றது. மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பொட்டு ஈரமில்லை.

“தாங்கிடுச்சு! விதை உங்களுக்குத்தான்!” அவருக்குக் கண் கலங்கியது. வீராயி ஓடிவந்து, கண்ணீர் பயிர்மேல் விழும்முன் துடைத்துவிட்டாள். “விதை எங்கே?” என்று கேட்டார் தமயந்தி.

“வீட்டுல பத்திரமா இருக்கும்மா.”

பூட்டைத் திறந்தார்கள். கதவு அசையவில்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். உள்ளே சுவருக்குச் சுவர் பச்சைப்பசேலென்று குதிரைவாலி ஆடிக்கொண்டிருந்தது. தமயந்தி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“விதைக்கிற வேலை மிச்சம்” என்றான் மொக்கையன்.

ஒச்சப்பன் தொண்டையைச் செருமினார். “ஆராய்ச்சி முடிஞ்சதும்மா. வயலைவிட வீட்டுலதான் வெள்ளாமை நல்லா வருது. நாளைக்கே எல்லா வீட்டையும் உழுதுடுறோம்.”

“மாடு வாசல்ல நுழையாதேண்ணே?”

“கன்னுக்குட்டியைப் பூட்டு.”

தமயந்தி எழுந்தேவிட்டார். “வீடும் காரணமில்ல, வயலும் காரணமில்லய்யா! இங்க கூரை இல்ல. மழையில நனைஞ்சுது, வளந்துது. கூரை இல்லாம மண்ணுல கிடந்து நனைஞ்சா எதுவுமே வளரும்! சோதனை முடிஞ்சுது. போய் அந்தக் கூரையையும் பிரிங்க!”

“சரிம்மா” என்றது ஊர். பிரித்தார்கள். பிரித்து முடித்ததும் அடுத்த மழை பிடித்துக்கொண்டது. தமயந்தி குடையை விரித்தார்.

“எல்லாரும் எங்கயாவது போய் ஒதுங்குங்க!”

யாரும் அசையவில்லை. மண்ணில் காலை ஊன்றி, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு நின்றார்கள். மொக்கையன் மட்டும் ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தான்.

“என்னடா பாக்குற?”

“வேர் விட்டிருக்கான்னு பாத்தேண்ணே.”

“அவசரப்படாத. இப்பத்தானே நனைஞ்சிருக்கோம்.”

வீராயிக்குத் திடீரென்று கவலை வந்தது. “ஏங்க, எல்லாரும் வளந்துட்டா யாரு அறுக்கிறது?”

 எல்லார் கண்களும் மெல்லத் தமயந்தி பக்கம் திரும்பின. ஒச்சப்பன் கைகூப்பினார்.

“அம்மா, நீங்க மட்டும் அந்தக் குடையை விட்டு வெளிய வந்துடாதீங்க.”