ஒருத்தரா, பன்னிரண்டு பேரா?

மடத்து மாந்தோப்பில் காய் திருட வந்தவனை வைரவன் கம்போடு துரத்தினார். ஓடியவன் தோப்புக் கிணற்றில் விழுந்து செத்துப்போனான். இவர்தான் தள்ளிவிட்டார் என்று செத்தவனின் தம்பி புகார் கொடுக்க, கொலைவழக்கு வந்துவிட்டது. குற்றம் உறுதியானால் தூக்குத்தான்.

அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. தன்னை ஒற்றை நீதிபதி விசாரித்தால் போதுமா, ஊரார் பன்னிரண்டு பேர் உட்காரும் ஜூரி வேண்டுமா என்று மாட்டிக்கொண்டவனே சொல்லலாம். மறுநாள் சொல்லியாக வேண்டும்.

வைரவன் குருவிடம் ஓடினார். குருவுக்குச் சீடரைவிட வயது குறைவு. அதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் கிடையாது.

"சாமி, ஒருத்தரா, பன்னிரண்டு பேரா? நீங்க சொல்றதுதான்."

"தள்ளினீரா?"

"சத்தியமா இல்ல சாமி. அவன் மேல என் விரல்கூடப் படல."

"சரி. நம்ம காரியஸ்தர்கிட்ட போய் நடந்ததைச் சொல்லும். நானும் வர்றேன்."

மடத்துக் காரியஸ்தர் சிரிக்கத் தெரியாத மனுஷர். அவர் முன்னால் வைரவன் கைகட்டி நின்று அளந்து அளந்து பேசினார். கிணற்றுக்குச் சுவர் இல்லை. தான் எட்டத்தில்தான் வந்துகொண்டிருந்தாராம். தூக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை.

"தள்ளினதுக்குச் சாட்சி இல்லையே," என்றார் காரியஸ்தர்.

"இப்போ ஊரார் சாப்பிடற பந்தியில போய்ச் சொல்லும்," என்றார் குரு.

பந்தியில் வைரவன் வேறு ஆளாகிவிட்டார். அப்பப்பா, என்ன பேச்சு! தன் முழங்கால் வலியைச் சொன்னார். செத்தவனின் பிள்ளைகளை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்று சொல்லும்போது நிஜமாகவே அழுதார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்தப் புண்ணியவானையா தூக்குல போடப் பாக்கறாங்க? நாசமாப் போக!" என்று பூக்காரம்மா மூக்கைச் சிந்தினாள்.

வைரவன் தெம்பாகக் குருவிடம் திரும்பினார்.

"ரெண்டு பக்கமும் தப்பிச்சுடுவேன் போலிருக்கு சாமி. ஆனா பந்திதான் கெட்டி. பன்னிரண்டு பேருன்னே சொல்லிடவா?"

"ரெண்டு தடவையும் கேட்டேன். ரெண்டு தடவையும் அவன் விழுந்தான், உடனே செத்துட்டான்."

"ஆமா சாமி."

"விழுந்ததும் உயிர் போறதுக்கு அந்தக் கிணறு அவ்வளவு ஆழமில்லையே. அவன் கூப்பிடலையா?"

வைரவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகத்தில் வேர்வை இல்லை.

"கூப்பிட்டான்."

"நீர் என்ன செஞ்சீர்?"

"நின்னுட்டேன் சாமி. இறைக்கிற கயிறு பக்கத்துலதான் கிடந்துச்சு. ரெண்டு வாய் தண்ணி குடிக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும்னு நினைச்சேன். செத்துடுவான்னு நினைக்கல. பாவி, நினைக்கவே இல்ல."

வைரவன் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க சாமி. யார் என்னை விடுவாங்க? ஒருத்தரா, பன்னிரண்டு பேரா?"

"யார் விடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல எந்த இடத்துல உமக்கு வாய் வருமோ, அந்த இடத்தைக் கேட்டு வாங்கும்."