மூன்று எண்ணாத கை

அந்தக் காலத்தில் வீடியோ கேமுக்குள் இருக்கும் பகைவர்களும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். உறுமலும் கத்தலுமாகப் போனதெல்லாம் பிற்பாடுதான். அப்போது அவர்களுக்குப் பெயர் இருந்தது, உறவு இருந்தது, சண்டை இல்லாத நேரத்தில் உட்கார்ந்து வம்பளக்கும் பழக்கமும் இருந்தது. வெளியே இருந்து பொத்தானைத் தட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. அவர்களுக்கு அடித்தோமா, அடுத்த கூடத்துக்குப் போனோமா என்பதுதான் கவலை.

அப்படி ஒரு விளையாட்டில் ஏழு கூடங்கள் இருந்தன. நான்காவது கூடத்தின் கதவைக் காத்தவர்கள் இரண்டு கல்மனிதர்கள். அக்கா பெயர் திரளி, தம்பி பெயர் கருக்கன். இருவரும் பாதிப் பனைமர உயரம். இருவர் கையிலும் இரும்பு உலக்கை. பார்த்தவர்களுக்குக் குலை நடுங்கும். ஆனால் அந்தப் பெரிய கல் உடம்புக்குள் கருக்கனுக்கு இருந்தது கோழிக்குஞ்சு தைரியம்தான்.

சண்டைக்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. உலக்கையை ஓங்கியதும் அடித்துவிடக் கூடாது. ஓங்கிய கையை அப்படியே நிறுத்தி, எதிராளிக்குக் கேட்கும்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். பிறகுதான் இறக்க வேண்டும். விலக நினைக்கிறவனுக்கு விலக நேரம் கொடுத்துவிட்டு அடிப்பதுதான் மரியாதை என்று ஏழு கூடத்திலும் எல்லோரும் நம்பினார்கள். அதை மீறலாம் என்று யாருக்கும் தோன்றியதுகூட இல்லை.

இதில் கருக்கனுக்கு மட்டும் ஒரு சங்கடம். பயம் வந்துவிட்டால் எண்ணிக்கை மறந்துவிடும். இரண்டோடு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்துத் திரளியே எண்ணினாள். அவள் மூன்று என்றதும் ஒரு உலக்கை இறங்கும், அடுத்த மூன்றுக்கு மற்றது இறங்கும். ஒரே உரலில் இருவர் மாற்றி மாற்றிக் குத்துவதுபோல அது நடக்கும். அக்காவின் குரல் காதில் விழுந்தால் கருக்கனின் கை தானாக வேலை செய்யும். தனியாக அடித்து அவன் பழகவே இல்லை.

விழுவதற்கும் ஒரு விதி இருந்தது. அடிபட்ட காவலர் துண்டு துண்டாக உடைந்து கிடப்பார். கண் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும், வாய் பேசாது. சண்டைக்கு வந்தவன் தோற்று விழுந்தால், துண்டுகள் ஒட்டிக்கொண்டு எல்லோரும் பழையபடி எழுந்துவிடுவார்கள். ஆனால் வந்தவன் எல்லோரையும் வீழ்த்திக் கதவைத் தாண்டிவிட்டால், அவனுக்குப் பின்னால் அந்தக் கூடம் இருண்டுபோகும். அதற்குப் பிறகு அங்கே இருந்தவர்கள் எங்கேயும் இல்லை.

பக்கத்து மூன்றாம் கூடத்தில் வவ்வால்கள் இருந்தன. ஓயாமல் தங்களுக்குள் சண்டை பிடிக்கும். "இதுங்க வாயை மூடவே மூடாதா" என்று திரளி நாள் தவறாமல் திட்டுவாள். ஒருநாள் அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. கருக்கன் சுவரில் காதை வைத்துப் பார்த்தான். மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவன் உலக்கையை இழுத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் போய் நின்றான்.

கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. அவன் வந்தான்.

ஒல்லியான உருவம். முகத்தில் கறுப்பு முகமூடி. ஒரு கையில் வாள், மறுகையில் துப்பாக்கி. முதல் தடவை அவன் திரளியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்று, முதல் அடியிலேயே நசுங்கிப் போனான். கருக்கன் சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்குவதற்குள் அதே கதவு வழியாக அதே ஆள் மறுபடி வந்தான். அதற்குப் பிறகு கருக்கன் சிரிக்கவில்லை.

பத்துத் தடவை வந்தான். இருபது தடவை வந்தான். களைப்பு என்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் முன்பு எங்கே அடிபட்டானோ அந்த இடத்தில் மட்டும் அவன் நிற்கவில்லை.

"அக்கா, அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு," என்றான் கருக்கன்.

"இருந்துட்டுப் போகட்டும்."

"அவன் காலைப் பார்த்தியா? நீ எண்ணும்போது தரையில தட்டுறான். உன் எண்ணிக்கைக்குச் சரியா தட்டுறான்."

திரளியும் அதைப் பார்த்திருந்தாள். அவள் ஒன்று என்னும்போது அவன் கால் ஒருமுறை தட்டும். இரண்டு என்னும்போது இன்னொருமுறை. மூன்று என்று சொல்வதற்குள் வாளை ஒரு வீச்சு வீசிவிட்டு விலகியிருப்பான். அவர்கள் கொடுத்த மரியாதையிலேயே நின்றுகொண்டு அவர்களை வெட்டினான்.

"அக்கா, நீ விழுந்துட்டா எனக்கு யாரு எண்ணுவா?"

"நீயே எண்ணு. மூணு வரைக்கும்தானே, நூறா எண்ணச் சொன்னேன்?" என்றாள் திரளி. கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் குரலும் லேசாக உடைந்தது, அதைக் கேட்டதும் கருக்கனுக்கு இருந்த கொஞ்சத் தெம்பும் போய்விட்டது.

முப்பத்தேழாவது தடவை வந்தவன் கருக்கனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் திரளியிடம் போனான். அவள் "ஒன்று" என்றாள், முழங்காலில் வெட்டு விழுந்தது. "இரண்டு" என்றாள், தோளில் குண்டு பாய்ந்தது. "மூன்று" என்று அவள் இறக்கிய உலக்கை வெறும் தரையைப் பிளந்தது. அப்படியே ஏழெட்டு முறை. பிறகு அக்கா நின்ற இடத்தில் ஒரு கற்குவியல் இருந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் தம்பியைப் பார்த்தன.

வந்தவன் கருக்கன் பக்கம் திரும்பினான்.

கருக்கன் உலக்கையை ஓங்கினான். கையை நிறுத்தினான். பழக்கம் அப்படி, குரலுக்காகக் காத்திருந்தான். குரல் வரவில்லை. வராது என்று அவனுக்குத் தெரியும், இருந்தும் காத்திருந்தான். இடுப்பில் ஒரு வெட்டு விழுந்தது.

"ஒன்று," என்றான். மார்பில் விரிசல் ஓடியது.

"இரண்டு," என்றான். நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கு அடுத்து என்ன என்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. கீழே ஒரு கால் நிதானமாகத் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. தானும் விழுந்தால் கதவு திறந்துவிடும். அவன் தாண்டிவிடுவான். அக்காவின் கண்கள் மேல் இருட்டு வந்து மூடிவிடும். வவ்வால்களின் கூடம் போல இங்கேயும் மூச்சுச் சத்தம்கூட இருக்காது.

அதை நினைத்தபோது கருக்கனுக்கு வந்த பயம், அதுவரை அவன் பட்ட பயத்தில் சேர்ந்ததில்லை. அது நெஞ்சிலிருந்து தோளுக்கு ஏறியது, தோளிலிருந்து கைக்கு இறங்கியது. விரிசல் விட்ட இடங்களெல்லாம் உள்ளிருந்து சிவந்தன. சூளையில் வைத்த செங்கல்லாக உடம்பு முழுக்கக் கனன்றது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது பேச்சாக இல்லை.

கை இறங்கியது. எண்ணாமல் இறங்கியது.

அடுத்த தட்டுக்காகக் காலைத் தூக்கியிருந்தவன் அப்படியே பறந்துபோய்ச் சுவரில் விழுந்தான். எழுந்தான். அதற்குள் உலக்கை மறுபடி வந்துவிட்டது. ஓங்கியதும் தெரியவில்லை, இறக்கியதும் தெரியவில்லை. முப்பத்தேழு தடவை வந்தவன் முதல்முறையாகத் திரும்பி ஓடினான். கருக்கன் துரத்தினான். பிடித்தான். வந்தவன் விழுந்து கிடந்த பிறகும் உலக்கை நிற்கவில்லை, தரையில் குழி விழும்வரை குத்திக்கொண்டே இருந்தது.

கற்கள் உருண்டன. துண்டோடு துண்டு ஒட்டிக்கொண்டு திரளி எழுந்தாள். கருக்கனின் உடம்பும் குளிர்ந்து பழைய சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது. "அக்கா," என்று ஓடிவந்தான்.

திரளி ஓரடி பின்னால் போனாள்.

"எண்ணினியா?" என்று கேட்டாள்.

"எண்ணலைக்கா."

"நான் பார்த்தேன்டா. கீழே கிடந்து எல்லாத்தையும் பார்த்தேன். நடுவுல என் பக்கமும் திரும்பினே. உனக்கு நான் யாருன்னே தெரியலை."

கருக்கனுக்கு அது நினைவில் இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. உலக்கையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குள் கதவிடுக்கு வழியாகச் செய்தி போய்விட்டது. ஐந்தாம் கூடத்தை இரண்டு ஈட்டிக்காரிகள் காத்தார்கள். அவர்களில் மூத்தவளான சூரலை இடுக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"கருக்கா, அவனை ஓட வச்சியாமே. அது எப்படின்னு எங்களுக்கும் சொல்லிக்கொடு. அடுத்து எங்ககிட்டதான் வரப்போறான்."

கருக்கன் அக்காவைப் பார்த்தான். சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தான்.

"சொல்லிக்கொடுத்து வராது," என்றான். "உன் பக்கத்துல நிக்கிறவ முதல்ல விழணும். அப்பத்தான் வரும்."

இடுக்கின் அந்தப் பக்கம் சூரலை தன் பக்கத்தில் நின்றவளை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அவளும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கியவர்கள், அதற்குப் பிறகு கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

"எனக்கு அது வரவே கூடாது," என்றாள் திரளி. "நான் எண்ணித்தான் அடிப்பேன். எது நடந்தாலும் எண்ணித்தான் அடிப்பேன்."

காலடிச் சத்தம் கேட்டது. வந்தவன் கதவருகே நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். எவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தமுறை அவன் திரளியிடம் போகவில்லை. தம்பியிடம் போனான்.

கருக்கன் அதிக நேரம் நிற்கவில்லை. நொறுங்கி விழும்போது அக்கா இருக்கும் பக்கம்தான் பார்த்தான்.

திரளி உலக்கையை ஓங்கி நிறுத்தினாள். "ஒன்று," என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். "இரண்டு," என்றாள். கற்குவியலுக்குள் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஏழு கூடத்திலும் அவளைப்போல எண்ணத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவளுக்கும் மூன்று வரவில்லை. பாதத்திலிருந்து சிவப்பு ஏறத் தொடங்கியது.

அன்று முதல்தான் விளையாட்டுக்குள் இருக்கும் பகைவர்கள், கூட நின்றவர் விழுந்ததும் ஒரு கணம் அசையாமல் நின்று, உடம்பெல்லாம் சிவந்து, பேச்சை மறந்து, எண்ணாமல் அடிக்கிறார்கள்.