ஆமைத்திட்டுப் பந்தல்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு கருவாடாய்க் காய்ந்து போகட்டும்! கடல்மேல் ஆணை, கேளுங்கள்.

லூர்துக்கனியின் பாய்மர வள்ளத்தில் ஓலைக்கட்டு ஏற்றிக்கொண்டு ஆமைத்திட்டுக்குப் போனோம். காற்று பாயைப் பிடித்து இழுத்த இழுப்பில், புறப்பட்டதற்கு முந்தின நாளே கரை சேர்ந்துவிட்டோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தீவில் மனித உயிர் இரண்டுதான். ஆமைக் காவல்காரர் சந்தியாகு, அவர் மனைவி செல்வமேரி. பிள்ளையில்லை. கடலாமை மணலில் இட்டுவிட்டுப் போகும் முட்டைகளை எடுத்து, வேலிக்குள் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுவது அவர் வேலை. முதல் வருடம் வெயிலில் முட்டைகள் வெந்துபோயின. மனிதர் அழுதே விட்டார். மறுவருடம் வேலி முழுக்க ஓலைப்பந்தல். அதன்பின் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாய்க் கடலுக்குப் போயின.

ஆண் ஆமை கடலோடு சரி, திரும்பக் கரை மிதிக்காது. பெட்டைதான் வளர்ந்து, பிறந்த மணலுக்கே முட்டையிட வரும். சந்தியாகு அதற்காக வருடக்கணக்கில் காத்துக்கிடந்தார். ஒன்றும் வரவில்லை. கிழட்டு ஆமைகளும் குறைந்துபோய், இந்த வருடம் ஏறியது ஒன்றே ஒன்று. இனியும் ஏறாவிட்டால் காவலை எடுத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, உம்ம மக்கமாருக்கு வழி மறந்துபோச்சோ?" என்று சீண்டினான் லூர்துக்கனி.

"வரும்வே. பொம்பளப் பிள்ளைங்க தாய்வீட்ட மறக்குமா?"

அவர் ஓலை இறக்கப் போனதும் செல்வமேரி எங்களிடம் வந்தாள். போன வருடம் ஆமை ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒருத்தர் வந்தாராம். "மணல் சூடா கெடந்தா பெட்டை, குளுந்து கெடந்தா ஆணுன்னாங்க. இந்தப் பந்தலுக்கடியில பொரிஞ்சதெல்லாம் ஆம்பளதானாம்ணே." புருஷனிடம் சொல்லவேண்டாம் என்று இவள் கையைப் பிடித்துக் கெஞ்ச, டாக்டரம்மாவும் வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"அந்த வருசமே அவரு தண்ணி எடுக்கப் போகையில ஒரு மூலை ஓலைய விலக்கி வச்சேன். கொஞ்சம் கருகிச்சு. மிச்சம் பொரிஞ்சு கடலுக்குப் போயிட்டு."

கருகிய முட்டையைப் பார்த்து அழுத சந்தியாகு, காற்றுதான் ஓலையைத் தூக்கியது என்று நினைத்து இந்த வருடத்துக்கு இன்னும் ஓலை கேட்டார். நாங்கள் கொண்டுபோனது அதைத்தான்.

லூர்துக்கனிக்கு வாய் நிற்குமா? மூலை ஓலைச் சங்கதியை மட்டும் விட்டுவிட்டு, அவள் சொன்ன மிச்சத்தையெல்லாம் சந்தியாகுவிடம் கொட்டினான். "பாசம் பாசம்னு ஆம்பளையாவே பொரிச்சுத் தள்ளிட்டீரே அண்ணாச்சி!"

சந்தியாகு பந்தல் முழுவதையும் வெறுங்கையால் பிய்த்துக் கடலில் எறிந்தார். நாங்கள் வள்ளம் ஏறிவிட்டோம். பங்குனி வெயில். அடுத்த நடை போனபோது, அந்தக் கடைசித் தாயின் முட்டை அத்தனையும் வெந்து கிடந்தது.

டாக்டரம்மா வாக்கைக் காத்தார். செல்வமேரி மறைத்தாள். லூர்துக்கனி உள்ளதைச் சொன்னான். இதில் யார் செய்தது சரி?

செல்வமேரிதான் என்கிறேன். டாக்டரம்மா உண்மையைத் தன்னோடு கொண்டுபோனார். லூர்துக்கனி அதைக் கரையில் வீசிவிட்டுப் பாய் விரித்தான். நிழலும் வெயிலுமாய்ப் பங்கிட்டுக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். அந்த மூலையில் பொரித்த பெட்டைகள் ஒருநாள் திட்டைத் தேடி வரும். பார்க்கத்தான் ஆள் இருக்காது, காவலை எடுத்துவிட்டார்கள். சந்தியாகு இப்போது துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார், தனக்கு ஒரு பெண்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டு. கருகிய முட்டைக்கு அவர் அழுததைப் பார்த்தவள், மூலை ஓலைச் சங்கதியை எப்படிச் சொல்வாள்? நீங்கள் போய்ச் சொன்னாலும் சொல்லுங்கள். சொன்னவன் நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.