கோல் குட்டையான கதை

வெகு காலத்துக்கு முன்பு, ஏழு ஏரிகள் கொண்ட குவளை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தூங்கும்போதுகூடக் கிரீடத்தைக் கழற்றாதவன்.

ஒருநாள் திடீரென்று மனம் இளகி ஒரு சட்டம் போட்டான்: “என் நாட்டில் குழந்தைகள் வேலை செய்யக் கூடாது.” சட்டம் ஒரே ஓலை, அதைப் பாராட்டிய கவிதைகள் நாற்பது ஓலை. குழந்தை யார் என்று அறிய அரண்மனை வாசலில் ஒரு கோல் நட்டார்கள். அதைவிடக் குள்ளமானவர் குழந்தை, உயரமானவர் பெரியவர்.

அரண்மனைப் பட்டாலை அதிகாரி அரிகண்டனுக்கு இது பிடிக்கவில்லை. கொப்பரைக் கொதிநீரில் மிதக்கும் பட்டுக்கூட்டில் நூல் நுனி பிடிக்கச் சின்ன விரல்தான் தோது என்பது அவன் கட்சி. ஆனாலும் சட்டத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்டுதோறும் கோலின் தலையில் சம்மட்டியால் நாலு போடு போட்டான், அவ்வளவுதான். கேட்டால், “சட்டம் ஆடாமல் நிற்க வேண்டாமா?” என்பான்.

ஒருநாள் மாலை, இளஞ்சி என்ற நெசவுக்காரி மந்திரி நக்கண்ணரிடம் ஓடிவந்தாள்.

“சாமி, என் மக தும்பிக்கு ஏழு வயசு. கோலுக்கு மேலே தலை தெரிஞ்சுதாம். நாளைக்குக் கொப்பரையில கை வைக்கணுமாம்!”

நக்கண்ணர் வாசலுக்குப் போய்ப் பார்த்தார். முன்பு தம் மார்பைத் தொட்ட கோல் இப்போது இடுப்புக்குக் கீழே நின்றது. புகார் செய்யலாம்தான். விசாரணைக்கு ஒரு குழு போடுவார்கள். குழு பேசி முடிப்பதற்குள் தும்பிக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

மறுநாள் காலை, அவர் ஒரு தாம்பாளத்தில் மரவுரியை ஏந்திக்கொண்டு சபைக்குள் வந்தார். இடுப்பில் ஆறு வயது இளவரசன், வாயில் விரலோடு.

“யாருக்கய்யா இது?” என்றான் ராஜா.

“தங்களுக்குத்தான் மன்னா. அளவு சரியா என்று போட்டுப் பார்த்தால் நல்லது. இளவரசர் பெரியவரானதும் அவருக்கு முடிசூட்டிவிட்டு மன்னர் காட்டுக்குப் போவது நம் மரபாயிற்றே. இப்போதுதான் வாசலில் அளந்தேன். கோலைவிட நாலு விரல் உயரம்.”

ராஜாவின் இரண்டு கைகளும் கிரீடத்துக்குப் போயின.

“அபத்தம்!” என்று துள்ளினான் அரிகண்டன். “இளவரசர் குழந்தை!”

“வயதைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லையே, ஐயா. கோலை ஆண்டுதோறும் உறுதிப்படுத்தியவர் தாங்கள். அது பொய் சொல்லுமா?”

பொய் என்றால் அரிகண்டனின் சம்மட்டி வெளியே வரும். மெய் என்றால் ராஜா காட்டுக்குப் போக வேண்டும்.

இளவரசன் வாயிலிருந்து விரலை எடுத்தான். “அப்பா, அந்தக் கிரீடத்துல மீன் வளர்க்கலாமா?”

ராஜா அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கோலைப் பிடுங்கிப் பார்த்தால், வெளியே தெரிந்ததைவிட மண்ணுக்குள் இருந்தது அதிகம்.

“இனிமேல் வயதுதான் கணக்கு! பதினான்கு முடியாத யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது!” என்று கர்ஜித்தான் ராஜா. “இந்த அரிகண்டனைக் கொப்பரைக்கு அனுப்புங்கள். விரல் சின்னதாகும்வரை நூல் பிடிக்கட்டும்!”

பிடுங்கிய கோலைத் தும்பி கேட்டு வாங்கிப்போய்ப் புளியம்பழம் அடித்தாள். நக்கண்ணருக்கு ராஜா முத்துமாலை தர வந்தான். அவர் மரவுரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆண்டுக்கு ஒருமுறை அதை வெயிலில் உலர்த்துவார், சரியாக ராஜாவின் ஜன்னலுக்கு எதிரே.

அதன் பிறகு அந்நாட்டில் அந்தச் சட்டத்தை யாரும் தட்டவில்லை.