துடுப்புக்குள் கேட்ட குரல்

காக்கை கூப்பிட்டால் காக்கை வரும். பிலோமி கூப்பிட்டாலும் காக்கை வரும்; வந்து பார்த்து, ஏமாந்து, திட்டிவிட்டுப் போகும். அந்தத் திட்டையும் அவள் அப்படியே திருப்பித் திட்டுவாள்.

பலகுரல் கலைஞர் தொம்மை ஆசானின் சிஷ்யை அவள். பஸ் கண்டக்டரின் விசில், பங்குச்சாமியாரின் தும்மல், பழுதான மிக்சி எல்லாம் அவள் தொண்டையில் வாடகை இல்லாமல் குடியிருந்தன. ஆசான் எதைச் சொன்னாலும் அவர் குரலிலேயே ஒருதரம் திருப்பிச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்தோணியார் கோயில் கொடியேற்றம் நெருங்கியது.

"ஆசானே, இந்த வருசம் மேடையில நான் தனியா நிக்கணும். எல்லாக் குரலும் வந்திருச்சு. இன்னும் என்ன பாக்கி?"

"எல்லாமா?"

"எல்லாமா?" என்றாள் பிலோமி, அவருடைய ஓட்டைப்பல் விசிலோடு.

ஆசான் விழுந்து விழுந்து சிரித்தார். "வா புள்ள, வள்ளத்துல ஏறு."

கடல்புல் மண்டிக் கிடந்த இடத்தில் நங்கூரம் போட்டார். துடுப்பின் பட்டையான நுனியை நீருக்குள் இறக்கி, பிடியை அவள் காதோடு சேர்த்து வைத்தார்.

"கேளு. கேட்டா மட்டும் போதும்."

முதலில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு படபடப்பு. அப்புறம், கீச். கொஞ்சம் இடைவெளி. அதற்குப் பதிலாக, இன்னும் மெலிசாக, இன்னொரு கீச்.

"கோழிக்குஞ்சா? கடலுக்குள்ளயா?"

"ஆவுளியா. கடல்பசு. பெருசு தாய், சிறுசு கன்னு."

"அந்த எருமை உடம்புக்கு இந்தக் குரலா!" பிலோமி வள்ளத்தின் பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"தாய் கூப்பிடும். கூப்பிட்டுட்டுச் சும்மா இருக்கும். கன்னு பதில் சொல்லும். கலங்கின தண்ணியில கண்ணுக்கு என்ன தெரியும்? குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சேர்ந்து திரியுதுக."

இதில் பாதிதான் அவள் காதில் விழுந்தது. தாயின் குரல் அதற்குள் அவள் தொண்டைக்கு வந்துவிட்டது. ஆசான் குனிந்து வெற்றிலைப் பையைத் தேடிய நேரத்தில், முகத்தை மூக்குவரை கடலில் முக்கி ஒரு கீச் விட்டாள்.

துடுப்பைக் காதில் வைத்தாள். பதில் வந்தது!

இன்னொன்று விட்டாள். பதில் கிட்டத்தில் வந்தது. அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. சற்றுத் தள்ளி ஒரு சின்ன முதுகு எழும்பி, புஸ்ஸென்று மூச்சு விட்டு, அமிழ்ந்தது.

"வருது ஆசானே! என்னைத் தேடி வருது!" அவள் குதித்த குதியில் வள்ளம் ஒருபக்கம் சாய்ந்தது.

ஆசான் கன்றைப் பார்க்கவில்லை. நடுவே எதையோ பார்த்தார். அவளும் பார்த்தாள். வெள்ளை மிதவைகள் வரிசையாக ஆடின. யாரோ வலை விரித்திருந்தார்கள். கன்று அந்தப் பக்கம். அவள் இந்தப் பக்கம்.

"கன்னு அதுல சிக்கிட்டா?"

"மூச்சு விட மேல வர முடியாது."

நங்கூரம் தூக்கிச் சுற்றிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"'போ'ன்னு சொல்றதுக்கு என்ன குரல் ஆசானே?"

"எனக்குத் தெரியாதே. 'வா' மட்டும் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சும்மா... கேட்டதைச் செஞ்சேன்."

சொன்னதோடு மறுபடி முகத்தை நீரில் முக்கினாள். விரட்டிவிடலாம் என்று விசைப்படகு எஞ்சின் மாதிரி தடதடத்தாள். சுறுக்கென்று மிரண்ட கன்று, பயந்த பிள்ளை எங்கே ஓடுமோ அங்கே ஓடியது: தாய்க்குரல் வந்த திசைக்கு. நேரே அவளைப் பார்த்து. அவள் பதறி இன்னும் பலமாகத் தடதடத்தாள். கன்று இன்னும் வேகமெடுத்தது.

ஆசான் அவள் சடையைப் பிடித்து மேலே இழுத்தார். துடுப்பின் பிடியை அவள் காதில் அழுத்தினார்.

வெகுதூரத்தில், கீச். இடைவெளி. கீச்.

பிலோமியின் முகம் வெளுத்தது. "அந்தத் தாய் எப்பலேருந்து கூப்பிடுறா?"

"நீ ஆரம்பிச்சதுலேருந்து."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மிதவைக்கு ஒரு பாகம், ஆறடிதான் இருக்கும், அப்பால், நீருக்கடியில் அந்தச் சின்ன நிழல் தயங்கி நின்றது. தூரத்துக் குரல் மறுபடி வந்தது. பிறகு அந்த இடைவெளி. தொண்டை அரித்தது அவளுக்கு. பிறந்ததிலிருந்து அப்படி அரித்ததில்லை. கண்ணில் நீர் கட்டியது. பொத்திய கையை எடுக்கவில்லை.

மெலிசாக ஒரு கீச்.

நிழல் திரும்பியது.

அப்புறம் தூரத்தில் சின்ன முதுகு எழும்பியது. அதை ஒட்டி ஒரு பெரிய முதுகு. புஸ். புஸ்.

பிலோமி கையை எடுத்தாள். கத்தினாள், குதித்தாள், உப்பு வழிந்த துடுப்புக்கு முத்தம் கொடுத்தாள்.

"கேட்டீங்களா ஆசானே! தாய்கிட்டப் போய்ச் சேர்ந்ததும் கன்னு ஒரு சத்தம் போட்டுச்சே, இதுவரைக்கும் போடாத சத்தம்! என்னது அது? என்ன சொல்லிச்சு?"

ஆசான் நங்கூரக் கயிற்றை இழுத்துக்கொண்டே கேட்டார்:

"உன்கிட்டயா சொல்லிச்சு?"

பிலோமியின் உதடு ஓட்டைப்பல் விசிலுக்குக் குவிந்தது. குவிந்தபடியே நின்றது.

அவள் உதட்டை மூடிக்கொண்டு, துடுப்பின் பிடியை மறுபடி காதில் வைத்தாள்.