மடக்கிய இறக்கை

ஆலங்குட்டையில் ஒரு நீர்நாய் இருந்தான். பெயர் வழுக்கன். அவனுக்கு ஓர் இடத்தில் உட்காரவே வராது! மீனைத் தின்னும்போதும் வால் ஆடிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில்கூடக் கால் உதைத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது. மிச்சமிருந்த மீனெல்லாம் விரல் நீளம்தான். தண்ணீர் போய்விட்டால் நீர்நாய்க்கு உயிர் ஏது? 

"கிளம்பணும்! இப்பவே கிளம்பணும்!" என்று கரையில் மேலும் கீழுமாக ஓடினான்.

அவனுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் பதுங்கன் என்ற காட்டுப்பூனை. இன்னொருத்தி முங்கி என்ற நீர்க்காகம். இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஈர மண்ணில் வாலால் வழி கீறினான்.

"இதோ பாருங்க, இது முள்ளுக்காடு. இங்கே பதுங்கன் வேட்டையாடுவான். காடையும் எலியும் வயிறு முட்டக் கிடைக்கும்! அதைத் தாண்டினா பாழடைஞ்ச கல்குழி. அடியில பாறை இடுக்குல கெளுத்தி இருக்கு. என் தலை நுழையாது, முங்கி அக்கா அலகுதான் நுழையும். அக்கா முங்கி எடுப்பா. அப்புறம் பொட்டல். பொட்டல் முடிஞ்சா பெரிய ஏரி! அங்கே நான் விரால் பிடிச்சுப் போடுவேன்!"

"ஏரி எந்தப் பக்கம்டா மாப்ளே?" என்றான் பதுங்கன்.

"பனை நிக்கிற கரட்டுக் குன்றுக்குப் பின்னாலன்னு வாத்துங்க சொல்லிச்சு. கல்குழியிலிருந்து அக்கா மேலே பறந்து பார்த்துச் சொல்லிடுவா. எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன்!"

முங்கி அவன் கீறிய வழியை உற்றுப் பார்த்தாள். "எல்லாம் சரிடா தம்பி. கல்குழியில முங்கினப்புறம் என் இறக்கை காயணுமே, அதுக்கு எங்கே இடம் விட்டிருக்கே?"

நீர்க்காகத்தின் பிழைப்பு அப்படி. தண்ணீருக்குள் போனால் இறக்கை நனைந்து கனத்துவிடும். வெயிலில் விரித்துக் காயவைத்த பிறகுதான் உயரப் பறக்க முடியும்.

"அதெல்லாம் போற போக்குல காஞ்சுடும் அக்கா!" என்று வழுக்கன் வாலால் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். பயணம் புறப்பட்டது.

முள்ளுக்காட்டில் பதுங்கன் சொன்னபடியே வேட்டையாடினான். மூவரும் தின்றார்கள். அவன் மீசையைத் துடைத்து முடிப்பதற்குள், "நட! நட!" என்று வழுக்கன் விரட்டினான். கல்குழியில் முங்கி ஆழத்துக்குப் போய்க் கொழுத்த கெளுத்திகளைக் கொண்டுவந்தாள். அதையும் தின்றார்கள். பிறகு முங்கி ஒரு பாறைமேல் ஏறி, இரண்டு இறக்கைகளையும் அகல விரித்து நின்றாள்.

நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். வழுக்கன் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பொட்டல் கண்ணெதிரே காய்ந்து கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏறிய பிறகு இதை எப்படிக் கடப்பது? 

திடீரென்று ஒரு யோசனை! அட, என்ன மூளை, என்ன மூளை!

"அக்கா, விரிச்சு நின்னா அந்த ஈரமெல்லாம் காத்தோட வீணாப் போகுதே! இறக்கையை மடக்கிக்கிட்டு என் முதுகுல ஏறிக்க. உன் ஈரத்துல எனக்குக் குளிர்ச்சி. உனக்குச் சும்மா சவாரி!"

"ஏரி எங்கேன்னு யார்டா பார்க்கிறது?"

"பார்க்கவே வேண்டாம்! அதோ ஒரு கரடு, மேலே பனை! கண்ணு இருக்குல்ல? ஏறு அக்கா, ஏறு!"

முங்கிக்கு மனசே இல்லை. ஆனால் அவன் நச்சரிப்பை யார் தாங்குவது? இறக்கையை மடக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். முதுகில் ஜில்லென்று ஈரம் இறங்க, வழுக்கன் குதியாட்டம் போட்டு நடந்தான்.

அந்தக் குதியாட்டம் எத்தனை நேரம்? வெளி ஈரம் காய்ந்தது. மடக்கிய இறக்கைக்குள் இருந்த ஈரம் மட்டும் அப்படியே புழுங்கிக் கிடந்தது. வழுக்கனின் பாதம் கொப்பளித்தது. தட்டுத் தடுமாறிக் கரட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்தால், ஏரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! எருக்கஞ்செடிதான் நின்றது. சற்றுத் தள்ளி இன்னொரு கரடு தெரிந்தது. அதன் தலையிலும் ஒரு பனை!

"ஐயோ, போச்சே!" என்று வழுக்கன் அங்கேயே சுருண்டு விழுந்தான். மூக்கு வறண்டு வெடித்திருந்தது. மூச்சு இழுத்தது.

பதுங்கன் பயந்துபோனான். "எழுந்திருடா மாப்ளே! அந்தக் கரட்டுக்கு ஓடிப் பார்ப்போம்!"

"அங்கேயும் இல்லைன்னா இவன் செத்துடுவான்" என்றாள் முங்கி. "நான் பறந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் யாரும் அசையக் கூடாது. என்னை அவசரப்படுத்தவும் கூடாது!"

வழுக்கனின் தலைமாட்டில் நின்று அவள் இறக்கைகளை விரித்தாள். விரித்த இறக்கையின் நிழல் அவன்மேல் விழுந்தது. பொட்டல் காற்று சிறகுகளைக் கோதியது. வழுக்கனுக்கு ஒவ்வொரு மூச்சும் ஒரு யுகம். 'காய்ஞ்சுதா?' என்று கேட்க வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவன் அசையாமல் கிடந்தது அன்றைக்குத்தான்.

விருட்டென்று முங்கி மேலே எழும்பினாள். வட்டமடித்தாள். அந்த இன்னொரு கரட்டுப் பக்கம் பறந்து மறைந்தாள். தாழப் பறந்து திரும்பி வரும்போது உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்! அதை அப்படியே வழுக்கன் முகத்தில் உதறினாள்.

"அந்தக் கரட்டுக்குப் பின்னாலதான்டா ஏரி! கல்குழியிலிருந்து நேரா வந்திருந்தா அப்பவே சேர்ந்திருக்கலாம். நீதான் அதை ஒரு பக்கமா விட்டுட்டு நடந்திருக்கே!"

வழுக்கனுக்கு அழுகை முட்டியது. "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் அக்கா" என்றான். பதுங்கன் பின்னாலிருந்து முட்டித் தள்ள, ஊர்ந்தும் உருண்டும் போய் ஏரியில் விழுந்தான். பிழைத்தான்!

சும்மா இருப்பானா? உடம்பு தேறியதும் வால் மறுபடி ஆடத் தொடங்கியது. "ஏரிக்கு அப்பால ஒரு ஆறு இருக்காம். போலாமா?" என்று கரையில் உட்கார்ந்து வாலால் மண்ணைக் கீறினான்.

பதுங்கன் எட்டிப் பார்த்தான். காடும் இல்லை, ஆறும் இல்லை. மண்ணில் ஒரே ஒரு மொட்டை மரம்தான் இருந்தது.

"என்னடா இது?"

"முங்கி அக்கா உட்கார்ந்து இறக்கை காயவைக்கிற இடம். முதல்ல இது. மிச்ச வழியை இதைச் சுத்திக் கீறிக்கலாம்."

கூட வருகிறவர் இளைப்பாறும் நேரத்தை வீண் என்று நினைப்பவன், தான் போய்ச் சேர வேண்டிய இடத்தையே தவறவிடுவான்.